பட்டியலில் முதல் படம்

டாஃபின், மனிடோபா
10 பிப்ரவரி 1974

ஆண்டவருக்கு மகிமை.

அன்பு மருமகள் ஓரிசியாவுக்கு, உன் தாய்மாமன் ஒரெஸ்ட் எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

யாராலும் நம்ப முடியாத கதை ஒன்றை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன் என்று நம் தேவாலயத்தின் மூன்று கும்மட்டங்கள் சாட்சியாக உறுதி கூறுகிறேன். நம்பினால் அது உன் குற்றம்.

உன் கல்யாணத்துக்குப் புகைப்படக்காரர் பார்க்கும் பொறுப்பை நீ என்னிடம் விட்டதும் இந்த ஜில்லாவையே சல்லடை போட்டுச் சலித்துவிட்டேன். நாற்பது கல்யாண ஆல்பம் பார்த்தேன். ஏழு குடம் காப்பி குடித்தேன். வழியில் ஓர் ஓநாய் ஆல்பம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. அதற்கே பிடிக்கவில்லை.

முதலாமவர் க்ரம்ப். முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடி. படத்தில் மணமக்கள் முகத்தைப் பிராந்திக் கோப்பைக்குள் மிதக்கவிடுவது அவருடைய தனிச்சிறப்பு. ஊரில் பாதித் தம்பதிகள் ஒரே கோப்பைக்குள் ஊறுகாய் வெள்ளரி மாதிரிக் கிடக்கிறார்கள். "உங்க மருமகளுக்கு எந்தப் பக்கம் அழகு?" என்று கேட்டார். "கோப்பைக்கு வெளிப்பக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

இரண்டாமவர் நம் ஆள், தேவாலயப் பாடகர் குழுவில் தடித்த குரல் மெத்தோடி. அவர் எடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு படத்திலும் மாப்பிள்ளைக்குப் புருவத்துக்கு மேல் தலை கிடையாது. கேட்டால், "எல்லாரும் பொண்ணத்தானய்யா பாப்பாங்க, மாப்பிள்ள எங்க ஓடிப்போறான்?" என்கிறார்.

மூன்றாமவர் வெர்னா ஹால்டர்சன். கிம்லியில் பிறந்த ஐஸ்லாந்துக்காரி. ஆறடி உயரம், நான் சொல்வதால் பத்தடி என்று வைத்துக்கொள். "சிரிங்க" என்று யாரையும் சொல்லமாட்டார். பேசாமல் நிற்பார். ஒரு மாப்பிள்ளை தானாகச் சிரிக்கட்டும் என்று காத்திருந்ததில் அந்தத் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டன. மூன்றும் படத்தில் இருக்கின்றன. கோட்டைக் கழற்றும் முன்பே என்னிடம் கேட்டார்: "உங்க வீட்டுல யாரு பக்கத்துல யாரு நிக்கக் கூடாது?" பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் ஓட்டு இவருக்கே.

உன் அம்மாவுக்குக் குளிர்காலச் சளி, அவ்வளவுதான். என் வீட்டு அடுப்பு புகைவதால் நான் அவள் வீட்டு மாடிக்குக் குடிவந்துவிட்டேன். இப்போது சமையல் என் கையில்.

ஆசிகளுடன்,
மாமா ஒரெஸ்ட்


கரிபூ முனை, ஹட்சன் விரிகுடா
3 மார்ச் 1974

என்றென்றும் மகிமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் உங்கள் மாப்பிள்ளை க்ளென்னும் நலம். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் இருமல். உங்கள் கடிதம் மூன்று வாரம் பனிப்புயலில் நின்று வந்தது. ஓநாய்ப் பகுதியை க்ளென்னுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் மாமாவைக் கல்யாணத்துல எங்க உட்கார வெக்கிறது?" என்று இப்போதே கவலைப்படுகிறான்.

வெர்னாதான். ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. அவருக்காகப் படப் பட்டியல் இணைத்திருக்கிறேன். பதினான்கு படம். மற்றவற்றை அவர் இஷ்டம்போல் மாற்றலாம். முதலாவதை மட்டும் மாற்றக்கூடாது: "கல்யாண உடையில் நானும் அம்மாவும், வேறு யாரும் இல்லாமல், வீட்டில்." அப்பா போன பிறகு எல்லாப் பெட்டியையும் கவிழ்த்துத் தேடினேன் மாமா. அவரும் நானும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. எப்போதும் படம் எடுத்தது அவர்தான். அந்தத் தப்பு இரண்டாம் முறை நடக்கக்கூடாது. மழை பெய்யட்டும், ரொட்டி கருகட்டும், இந்த ஒரு படம் எனக்கு வேண்டும்.

அம்மாவின் கடிதங்கள் இப்போது நான்கு வரிதான் வருகின்றன. அவள் எப்படி உங்களை அடுப்புப் பக்கம் விட்டாள்?

அன்புடன்,
ஓரிசியா


டாஃபின்
18 மார்ச் 1974

மதிப்புக்குரிய வெர்னா அம்மையாருக்கு,

வணக்கம். என் மருமகள் ஓரிசியா தன் கல்யாணத்துக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். பட்டியல் இத்துடன்.

இந்தக் கடிதத்தில் பொய் இல்லை. பொய் எழுதும்போது என் கையெழுத்து இதைவிட அழகாக இருக்கும்.

என் அக்கா ஸ்டெஃபானியாவை ஜனவரியில் வின்னிபெக் கூட்டிப்போனேன். மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் அப்படியே தைத்துவிட்டார். ஜூன் தாண்டுவது கஷ்டம் என்றார். ஆகஸ்ட் பத்தாம் தேதி என் அக்கா இருக்கமாட்டாள்.

பெண்ணுக்குத் தெரியாது. ஆறு வருஷம் முன்பு அவள் அப்பா படுத்தபோது ஆசிரியர் படிப்பைப் பாதியில் விட்டு வந்து, இரண்டு வருஷம் பால் கறந்தாள். அக்கா என்னைப் புனிதப் படத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருக்கிறாள்: "அவ எனக்காக இன்னொரு தடவ எதையும் விடக் கூடாதுடா. நீ வாயத் தொறந்தே, அன்னிக்கோட நீ எனக்குத் தம்பி இல்ல."

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே, விதைப்பு வேலை தொடங்குமுன், உடையைப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வழக்கத்தைச் சொல்லி அவளை மே மாதம் வரவழைக்கப் பார்க்கிறேன். பட்டியலில் முதல் படத்தை மட்டும் மே மாதத்திலேயே எடுக்க முடியுமா?

பணிவுடன்,
ஒரெஸ்ட் ஹ்னாட்யுக்


கிம்லி
25 மார்ச் 1974

திரு. ஹ்னாட்யுக் அவர்களுக்கு,

மே 18, சனிக்கிழமை, காலை பத்து மணி. வேறொரு கல்யாணம் இருந்தது, அதை இன்னொரு புகைப்படக்காரரிடம் விட்டுவிட்டேன்.

எந்த அறை, ஜன்னல் எந்தத் திசை, சுவருக்கு என்ன நிறம், அக்காவால் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று எழுதுங்கள். விளக்கு கொண்டுவரமாட்டேன். விளக்கு போட்டால் உடம்பு சரியில்லாதவர்கள் உடம்பு சரியில்லாதவர்களாகவே தெரிவார்கள்.

நானாக இருந்தால் பெண்ணிடம் சொல்லிவிடுவேன். ஆனால் சத்தியம் செய்தது நான் அல்ல.

வெர்னா ஹால்டர்சன்


டாஃபின்
4 ஏப்ரல் 1974

ஆண்டவருக்கு மகிமை.

அன்பு மருமகளுக்கு,

இங்கு யாவரும் நலம். மாடுகளும் நலம். கோழி ஒன்று மட்டும் அரசியலில் இறங்கிவிட்டது.

மிக அவசரச் செய்தி. முதல் படத்தை மே 18 அன்று எடுப்பதாக ஏற்பாடு. கல்யாண உடையோடு நீ வந்தே ஆகவேண்டும். காரணம் ஏழு. ஒன்று, கல்யாணப் படத்தை முன்கூட்டியே எடுத்துவைப்பது நம் பழைய வழக்கம். உன் தாத்தா கல்யாணத்துக்கு நான்கு வருஷம் முன்பே எடுத்து, பிறகுதான் பெண் பார்க்கப் போனார். இரண்டு, ஆகஸ்ட் மாத வெளிச்சம் முழுவதையும் வின்னிபெக் பணக்காரர்கள் இப்போதே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். மூன்று, ஜூனில் உங்கள் ஆற்றில் பனி உடையும், விமானம் சறுக்குக்கட்டையோடும் இறங்காது, மிதவையோடும் இறங்காது. நான்கு, வெர்னாவைக் கரடி ஒன்று பெண் கேட்டிருக்கிறது, ஜூலையில் காட்டுக்குப் போய்விடுவார். ஐந்தாவதை மறந்துவிட்டேன். ஆறு, ஆகஸ்டில் உன் அம்மா ஊரில் இருக்கமாட்டாள். நீண்ட பயணம். பெட்டிகூடக் கட்டிவிட்டாள், எங்கே என்று கேட்டால் சிரிக்கிறாள். ஏழு, நான் கேட்கிறேன்.

விளையாட்டில்லை ஓரிசியா. வந்துவிட்டுப் போ.

மாமா


கரிபூ முனை
27 ஏப்ரல் 1974

என்றென்றும் மகிமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் ஏழு காரணங்களையும் பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கரடி வெர்னாவைப் பெண் கேட்டதை நம்புவதாக எட்டுப் பேர் கை தூக்கினார்கள். ஆறாவதை யாரும் நம்பவில்லை. அம்மா எங்கே போகப்போகிறாள்? வின்னிபெக் போனாலே கோழிக்கு யார் தீனி வைப்பார்கள் என்று பாதி வழியில் திரும்புகிறவள்.

நான் வரவில்லை. மே மாதம் பரீட்சை, எனக்கு மாற்று ஆள் இல்லை. உடையில் ஒரு கைதான் தைத்து முடிந்திருக்கிறது. போன ஈஸ்டருக்கு நீங்கள் செய்ததையும் மறக்கவில்லை. அம்மா ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள், உடனே வா என்று எழுதினீர்கள். மூன்று விமானம் மாறி அழுதுகொண்டே வந்தேன். அம்மா ஏணிமேல் நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் கீழே நின்று, "பாத்தியா, எப்பிடி வரவெச்சேன்" என்று சிரித்தீர்கள்.

அதனால் இந்த முறை அம்மாவுக்கே எழுதிக் கேட்டேன். பதில் வந்துவிட்டது. "உன் மாமாவுக்கு உன்னைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை, அவன் பேச்சைக் கேட்டு வேலையை விட்டு வராதே. கல்யாணத்துக்கு நான் நீல உடுப்பு போட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாள். பார்த்தீர்களா?

ஜூன் 28 பள்ளி முடிகிறது. அடுத்த விமானத்தில் வருவேன். பிறகு எத்தனை படம் வேண்டுமோ எடுக்கலாம்.

அன்புடன்,
ஓரிசியா


டாஃபின்
6 மே 1974

அம்மையாருக்கு,

வணக்கம். பெண் வரவில்லை. பொய் சொல்லி அழைத்தேன், நம்பவில்லை. பொய்களுக்கு நடுவே உண்மையையும் வைத்துப் பார்த்தேன், அதையும் நம்பவில்லை. சத்தியத்தை மீறிவிடலாமா என்று மூன்று முறை பேனா எடுத்தேன். மூன்று முறையும் அக்கா மாடிப்படிக்குக் கீழிருந்து, "என்னடா எழுதுற?" என்றாள். கேட்ட தொண்டையில் சத்தமே இல்லை. ஆனாலும் கேட்டாள்.

18ஆம் தேதியை ரத்து செய்யலாம் என்று சொன்னதற்கு அக்கா, "அவங்கள வரச் சொல்லு. நான் இருக்கேன்ல?" என்கிறாள். எனவே வாருங்கள். வடக்கு ஜன்னல். சுவர் வெளிறிய பச்சை. ஐந்து நிமிடம் நிற்பாள், அதற்கு மேல் தெரியவில்லை.

ஒரெஸ்ட்


கிம்லி
21 மே 1974

திரு. ஹ்னாட்யுக் அவர்களுக்கு,

சனிக்கிழமை எடுத்த பன்னிரண்டில் ஒன்று தேறியிருக்கிறது. ஒன்று போதும். உங்கள் அக்கா கேட்டபடியே எடுத்திருக்கிறேன், அவர் கேட்டபடியே பிரதி போடுவேன். விளிம்பில் ஒரு நூலளவுகூட வெட்டமாட்டேன்.

அதைப் பெண்ணிடம் கல்யாணத்தன்று என் கையால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அதுவரை என்னிடம் இருக்கும்.

நீங்கள் அன்று கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்றதை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெர்னா


வானொலிச் செய்தி, டாஃபினிலிருந்து கரிபூ முனைக்கு
11 ஜூன் 1974

அம்மா நேற்றுக் காலை காலமானாள். வலி இல்லை. மூன்று நாள் வைத்திருப்போம். விமானம் இறங்குமா? மாமா.


கரிபூ முனை
26 ஆகஸ்ட் 1974

மாமாவுக்கு,

நானும் க்ளென்னும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உங்கள் உடல்நலத்தைக் கேட்க வேண்டியது முறை, கேட்கிறேன்.

கல்யாண வீட்டில் ஐந்து நாள் இருந்தும் உங்களிடம் நான் பேசவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். ஜூனில் பதினெட்டு நாள் ஆற்றங்கரையில் நின்றேன். பனி பாளம் பாளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகள் என் கூடவே வந்து நின்றார்கள். ஒருத்தி, "டீச்சர், நீங்க பாத்துக்கிட்டே இருந்தா அது சீக்கிரம் போவாது" என்றாள். நான் வந்தபோது கல்லறையில் புல் முளைத்திருந்தது.

கல்யாணத்தை நிறுத்தியிருப்பேன். நிறுத்தக்கூடாது என்று அம்மா எழுதிவைத்துவிட்டுப் போனதால் நிறுத்தவில்லை. நாற்பதாம் நாள் வழிபாடு முடிந்து, பாட்டில்லாமல், ஆட்டமில்லாமல் நடந்தது. ஆசீர்வாதத்துக்கு நாங்கள் மண்டியிட்டபோது அம்மாவின் இடத்தில் ரொட்டியும் உப்பும் ஏந்தி நீங்கள் நின்றீர்கள். நான் உங்கள் பூட்ஸைத்தான் பார்த்தேன். வெர்னா எடுத்த படத்திலும் அப்படியே விழுந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் ஓர் உறையைக் கையில் கொடுத்து, "இது மே மாசம் எடுத்தது" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் நீங்கள் என்னை எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று முழுதாகப் புரிந்தது. ஏழு காரணம் எழுதத் தெரிந்த உங்களுக்கு ஒரே ஒரு வரி எழுதத் தெரியவில்லை. சத்தியமாம். வந்திருப்பேனே மாமா. பனியில் நடந்தாவது வந்திருப்பேன்.

உங்களை மன்னிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பலகையில் எழுதி இருபத்திரண்டு பேரோடு சிரித்த என்னையும்.

ஒன்று கேட்கவே இந்தக் கடிதம். அந்தப் படம் ஏன் அப்படி இருக்கிறது? அம்மா இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். வலதுபக்கம் வெறும் பச்சைச் சுவர். தலைக்கு மேலேயும் தேவையில்லாமல் சுவர். மெத்தோடி மாப்பிள்ளைத் தலையை வெட்டினால், இவர் அம்மாவை மூலையில் தள்ளிவிட்டாரே. அவள் கை வேறு முழங்கையில் மடங்கி உடம்பிலிருந்து விலகி நிற்கிறது, விழாமல் இருக்க எதையோ தேடுவது மாதிரி. கடைசிப் படத்தில் அவளை நடுவில் நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லையா?

அன்று என்ன நடந்தது என்று எழுதுங்கள். கரடி வேண்டாம், ஓநாய் வேண்டாம்.

ஓரிசியா


டாஃபின்
12 அக்டோபர் 1974

ஆண்டவருக்கு மகிமை.

அன்பு மருமகள் ஓரிசியாவுக்கு,

நான் நலம். கோழிகள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. பொய் கலக்காமல் எழுத உட்கார்ந்தால் எனக்கு முதல் வரியே வருவதில்லை. ஒன்பது தாள் கிழித்தேன். எனவே எனக்குத் தெரிந்த வழியிலேயே எழுதுகிறேன். உண்மை எது என்று கடைசியில் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

மே 18 அன்று வடக்கே எட்டிப் பார்க்காத சூரியன் வெர்னா வருகிறார் என்று கேள்விப்பட்டு வடக்கு ஜன்னலுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கோழிகள் அறுபதும் குட்டை முன்னால், நெட்டை பின்னால் என்று வேலியோரம் வரிசைகட்டின. கடமான் ஒன்று கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து தன்னையும் ஒன்று எடுக்கச் சொன்னது. உன் அம்மா மாடிப்படியில் இருபது வயதுக்காரி மாதிரி இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினாள். நீல உடுப்பு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது, ஓர் ஊக்குகூடக் குத்தவில்லை. கன்னம் இரண்டும் அப்படிச் சிவந்திருந்தன. காலையில் எட்டு முட்டை சாப்பிட்டிருந்தாள். நான் முழு நேரமும் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். கோழிக்கூட்டுப் பக்கம் போகவே இல்லை. வெர்னா கேமராவைத் திறந்ததும் தேவாலய மணி தானாக அடித்தது. வின்னிபெக் மருத்துவர் ஓடிவந்து, தவறு நேர்ந்துவிட்டது, அது வேறு ஒருத்தியின் வயிறு என்று மன்னிப்புக் கேட்டார்.

இதுவரை எழுதியது முழுக்கப் பொய். இனி வருவதில் கை வைக்கவில்லை.

வெர்னா அவளை நடுவில்தான் நிறுத்தினார். அக்கா, "நடுவுல வேணாம்" என்று தையல் மேசையைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தாள். வெர்னா பக்கத்தில் வெறுமையாக இருக்கிறதே என்று, "தம்பி, நீங்க வந்து நில்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டார். அக்கா, "அவன் எதுக்கு? அவன் அங்கயே நிக்கட்டும், அது எம் பொண்ணு நிக்கிற எடம்" என்றாள். முழங்கையை மடக்கி, நீ கோத்துக்கொள்ள வாகாக வைத்துக்கொண்டாள். அவள் எதையும் தேடவில்லை.

வெர்னா கேமராவுக்குள் குனிந்தார். அக்கா, "இருங்க" என்றாள். மேசையை விட்டுவிட்டு, இன்னொரு கையைத் தூக்கித் தன் உச்சந்தலைமேல் வைத்து, அதற்கு மேல் நாலு விரல் நிறுத்திக் காட்டினாள்.

"அவ என்னவிட இவ்ளோ உசரம். தலையில கல்யாணப் பூவளையம் வேற வெச்சிருப்பா. அவ தல இடிக்காம எடம் விட்டு எடுங்கம்மா."

வெர்னா முக்காலியைத் தூக்கி இரண்டடி பின்னால் வைத்தார்.

நான் உனக்கு வாழ்நாளில் எழுதியதில் அந்த நாலு விரல் நிஜம்.

ஒரெஸ்ட்